சரட்டோகாவின் புகைபோக்கியைத் தேடி: பிகினி பவளத்தீவில் பன்னிரண்டு இரவுகள்

பிகினியில் மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பல்களைப் பார்க்கச் சுழியோடிப் படகில் போய்வந்தேன். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நல்லதைச் சொல்லப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, நகாட்டோ போர்க்கப்பலுக்கு இறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். என் இரட்டைச் சிலிண்டர்களில் ஒட்டியிருந்த நாடாவில், சுவாசக் கலவையின் சதவீதமாக, 'ஒட்சிசன் 18, ஹீலியம் 45' என்று எழுதியிருந்தது. வழக்கம்போல அளவுமானியைப் பொருத்திப் பார்த்தேன். ஒட்சிசன் 24, ஹீலியம் 31 என்று காட்டியது. மானிதான் பழுது என்று நினைத்து, கூட வந்த தம்பியின் மானியை வாங்கிப் பார்த்தேன். அதே எண்கள். 52 மீட்டர் ஆழத்தில் அந்தக் கலவையைச் சுவாசித்தால் ஒட்சிசனின் பகுதியமுக்கம், அதாவது மொத்த அமுக்கத்தில் அதன் பங்கு, 1.49 பார் ஆகிவிடும். 1.4 என்ற எல்லையைத் தாண்டாதே என்பது ஆழச் சுழியோடிகளின் அரிச்சுவடி. தாண்டினால் எச்சரிக்கை எதுவுமில்லாமல் வலிப்பு வரலாம். தரையில் வரும் வலிப்புக்கு ஓடி வர ஆள் இருக்கும். அங்கே வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் கதை முடிந்தது.

வாயு நிரப்பும் இளைஞனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் நாள் மிச்சமிருந்த கலவையின் மேல் கணக்குப் பார்க்காமல் நிரப்பிவிட்டானாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். படகின் சுழியோடித் தலைவி, இறங்கவிருந்த எல்லோரையும் நிறுத்தினார். ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும் என்று ஒவ்வொரு சிலிண்டரையும் மறுபடி அளக்கவைத்தார். அன்றிலிருந்து மேசையில் ஒரு கொப்பி வைக்கப்பட்டது. அளந்தவர் தன் கையால் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிலிண்டரைத் தூக்கலாம். அந்தக் கொப்பி முதல் நாளே அங்கே இருந்திருக்க வேண்டும். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றை நான் குறைப்பது இதற்காகத்தான். கோப்பி ஆறிப்போயிருந்ததற்கோ, என் அறைக்கு நேர் கீழே இரவு முழுக்க இரைந்த கம்பிரசருக்கோ அல்ல.

பிகினிக்குப் போகும் சுழியோடிப் படகுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆட்களும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறார்கள். ஆகவே இதை ஒரு படகைப் பற்றியதாக எடுக்காமல், இந்தப் பயணத்தைப் பற்றிய மதிப்பீடாக வாசியுங்கள்.

எனக்கு இந்த ஆசை வந்தது அம்மப்பாவால். 1944இல் அவர் திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்தில் கூலியாக இருந்தார். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் பிரித்தானியரின் கீழைக் கடற்படையோடு சேர்ந்துகொள்ள அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகா அங்கே வந்தது. அங்கிருந்து புறப்பட்டுத்தான் ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங்கையும், மே மாதத்தில் ஜாவாவின் சுரபாயாவையும் தாக்கியது. அம்மப்பாவுக்குச் சபாங்கும் தெரியாது, சுரபாயாவும் தெரியாது. அவர் மனதில் தங்கியது அந்தக் கப்பலின் புகைபோக்கி. "புகைபோக்கி மட்டுமே நூறு அடி நீளம். கோயில் மதிலைத் தூக்கிக் கப்பலில் வைத்த மாதிரி இருக்கும்" என்பார். புகைபோக்கிக்கு உயரம் உண்டு, அகலம் உண்டு, நீளம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அவர் கோபித்துக்கொண்டு சுருட்டைப் பற்றவைப்பார்.

அந்தக் கப்பல் இப்போது பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில், பிகினி என்ற வளையப் பவளத்தீவு சூழ்ந்த கடல்நீர் ஏரிக்குள், 52 மீட்டர் ஆழத்தில் மணல்மேல் நேராக நிற்கிறது. மூழ்கடித்தது எதிரியல்ல, சொந்த நாடுதான். 1946 ஜூலையில், அணுகுண்டு விழுந்தால் போர்க்கப்பல்கள் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் ஏரிக்குள் வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். ஆடுகளையும் பன்றிகளையும் எலிகளையும் அவற்றில் ஏற்றினார்கள். ஜூலை 1ஆம் திகதி 'ஏபிள்' என்ற குண்டை விமானத்திலிருந்து போட்டார்கள். குறி தவறியது, இருந்தும் ஐந்து கப்பல்கள் போயின. ஜூலை 25ஆம் திகதி 'பேக்கர்' என்ற குண்டைத் தண்ணீருக்குள் 27 மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு வெடித்தார்கள். சரட்டோகா ஏழரை மணி நேரம் தாக்குப்பிடித்து மூழ்கியது. மிஞ்சிய கப்பல்களில் கதிரியக்கம் அப்பியிருந்ததால் மூன்றாவது வெடிப்பைக் கைவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை, 1958 வரை பிகினியில் மொத்தம் 23 வெடிப்புகள்.

போய்ச் சேருவது தனி வேலை. ஹொனலுலுவிலிருந்து தீவுக்குத் தீவு இறங்கி ஏறும் விமானத்தில் மஜூரோவைத் தாண்டிக் குவாஜலீன் வர வேண்டும். நாள்கோட்டைக் கடப்பதால் ஒரு நாள் காணாமல் போகும். படகு புறப்படும் திகதியைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். குவாஜலீன் அமெரிக்க இராணுவத்தின் ஏவுகணைத் தளம். அங்கே நீங்கள் விருந்தாளி அல்ல, கடந்துபோகிறவர். படம் எடுக்கக் கூடாது. அனுமதிக் கடிதத்தைக் காட்டி, வரிசையில் நின்று, பக்கத்திலிருக்கும் ஈபாய் தீவுக்குப் படகேற வேண்டும். அங்கேயும் அமெரிக்க டொலர்தான் பணம். ஈபாயிலிருந்து பிகினிக்கு எங்கள் படகு இருபத்தெட்டு மணி நேரம் எடுத்தது. திறந்த கடல், பக்கவாட்டு அலை. கப்பல் வாந்தி எனக்கு வராது என்று பீற்றிக்கொண்டிருந்த தம்பி, இரவு எட்டு மணிக்கு வாளியோடு படுத்தான். காற்றுத் தணிந்திருக்கும் மாதங்களிலேயே இப்படி.

செலவு: படகுக்கு மட்டும் ஏழாயிரம் டொலரைத் தாண்டியது. ஹீலியத்துக்குத் தனிக் கட்டணம். என்னைப்போலச் சுவாசித்ததைத் தண்ணீரில் விடும் பழைய முறைக்காரர்களுக்கு அந்தக் கட்டணம் கண்ணைக் கட்டும். தம்பி ரீபிரீதர் வைத்திருக்கிறான். விட்ட மூச்சையே சுத்தம்செய்து மறுபடி கொடுக்கும் கருவி. அவனுடைய ஹீலியச் செலவு என்னுடையதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. "அக்கா, நீங்கள் குமிழி குமிழியாகக் காசைத்தான் விடுகிறீர்கள்" என்று படகேறிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். வாளிச் சம்பவத்துக்குப் பிறகு சற்று அடக்கினான்.

இனிக் கப்பல்கள்.

முதல் நாள் சரட்டோகா. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது கீழே எதுவும் தெரியவில்லை, நீலம் மட்டும். பத்து மீட்டரில் ஒரு நிழல். நிழலுக்கு விளிம்பு வந்தது. அது கப்பலின் கட்டளைக் கோபுரம் என்று புரிந்தபோது, அதன் உச்சி எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே விமானத் தளம் இரண்டு பக்கமும் நீண்டு, கண் எட்டாத நீலத்தில் கரைந்து போயிருந்தது. கப்பலின் நீளம் 270 மீட்டர். முப்பது மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் நான் ஒரு தடவையில் பார்த்தது அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். நான் இதற்கு முன் இறங்கிய விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் பிரித்தானியக் கப்பல் ஹெர்மிஸ். அதுவும் ஏறக்குறைய இதே ஆழம்தான், 53 மீட்டர். ஹெர்மிஸ் 182 மீட்டர். நீரோட்டமும் கலங்கலும் சேர்ந்து ஒவ்வொரு தடவையும் சண்டைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கே நீரோட்டம் அநேகமாக இல்லை, வெப்பம் 28 பாகை. பழகிய கண்ணுக்கு இது ஏமாற்று வேலை. சுகமாக இருப்பதால் ஆழம் மறந்துபோகும்.

மறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரு படகின் வேலை. அதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். படகுக்குக் கீழே ஒன்பது, ஆறு, மூன்று மீட்டர் ஆழங்களில் கம்பிகளைக் கிடையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஐம்பது மீட்டரில் இருபத்தைந்து நிமிடம் இருந்தால், உடலில் கரைந்த வாயு குமிழியாகாமல் வெளியேற மேலே ஒரு மணி நேரம் வரை தங்க வேண்டும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படகிலிருந்து குழாயில் வரும் தூய ஒட்சிசனைக் கடைசி ஆறு மீட்டரில் சுவாசிக்கலாம். ஒருவர் எப்போதும் அருகிலேயே மிதந்துகொண்டு எங்கள் கண்களைப் பார்க்கிறார். 'நலம்' என்று கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைத்துக் காட்டினால் மட்டும் போதாது. கையிலிருக்கும் பலகையில் அடுத்த நிறுத்தத்தின் நேரத்தை எழுதிக் காட்டச் சொல்வார். ஒருநாள் நான் தவறாக எழுதினேன். மாலை இறக்கத்துக்கு என்னை விடவில்லை. கோபம் வந்தது. இரவு சாப்பாட்டுக்குள் தணிந்தும் விட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரி ஒரு நாள் கடற்பயணத்துக்கு அப்பால் இருக்கிறது என்பதை அவர்தான் ஞாபகம் வைத்திருந்தார், நான் வைத்திருக்கவில்லை.

சரட்டோகாவின் முன்பக்கம் நான் பார்த்த மூழ்கிய கப்பல்களிலேயே கம்பீரமானது. மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கப்பல் முகப்பு ஒரு கத்தி முனையாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது. நங்கூரச் சங்கிலியின் ஒரு கண்ணி என் இடுப்பளவு தெரிந்தது. ஆழத்தில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தளத்தில் இரட்டைக் குழல் பீரங்கிகள் இன்னும் வானத்தைக் குறிபார்க்கின்றன. விமானங்களை நிறுத்தும் ஹாங்கருக்குள் ஹெல்டைவர் குண்டுவீச்சு விமானங்கள் இருக்கின்றன. ஆனால் கூரை தளர்ந்துகொண்டே வருவதால் உள்ளே கூட்டிப் போக மாட்டோம் என்று முதல் விளக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் குழுவில் ஒருவர் முறுமுறுத்தார். பணம் கொடுத்தேன், எனக்குப் பயிற்சி இருக்கிறது என்ற வாதம். தலைவி அவரிடம், எண்பது ஆண்டு உப்பில் ஊறிய இரும்புக்கு உங்கள் சான்றிதழை வாசிக்கத் தெரியாது என்றார். அந்தப் பெண்மணிக்காகவே மறுபடி போகலாம்.

வெடிக்காத குண்டுகளும் டோர்பிடோக்களும் பல கப்பல்களில் அப்படியே இருக்கின்றன. தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. 2010இல் யுனெஸ்கோ பிகினியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நகாட்டோவை விவரிப்பது கடினம், ஏனென்றால் அது தலைகீழ். 1920இல் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்து, 41 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிகளைச் சுமந்த கப்பல். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யாமமோட்டோ இருந்தது இதில்தான். ஜப்பான் கடற்கரையோரம் நங்கூரமிட்டபடி செய்திக்குக் காத்திருந்தார். போர் முடிந்து மிதந்துகொண்டிருந்த ஒரே ஜப்பானியப் பெரும் போர்க்கப்பலை அமெரிக்கர்கள் பிகினிக்குக் கொண்டுவந்தார்கள். பேக்கர் வெடித்து நான்கு நாட்களுக்குப் பிறகு, யாரும் பார்த்திராத ஓர் இரவில் அது கவிழ்ந்தது.

இப்போது மேலே வயிறு, அதன் பின்முனையில் நான்கு உந்துவிசிறிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. நான் ஒரு விசிறியின் இதழுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தம்பி எடுத்த படத்தில் நான் ஒட்டிக்கொண்ட பல்லி. பிறகு கப்பலின் விளிம்புக்குக் கீழே குனிந்து பார்த்தால், பின்பக்கத்துப் பீரங்கிக் குழல்கள் மணலுக்குச் சற்று மேலே கிடையாகத் தொங்குகின்றன. ஒடிந்த கட்டளைக் கோபுரம் பக்கத்தில் மணலில் சாய்ந்து கிடக்கிறது.

அங்கே எனக்கு ஹெர்மிஸ் ஞாபகம் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யாமமோட்டோவின் கடற்படையைச் சேர்ந்த விமானங்கள் காலையில் திருகோணமலைமேல் குண்டுபோட்டுவிட்டுப் போய், அன்றே ஹெர்மிஸையும் மூழ்கடித்தன. அம்மம்மா தாலிக்கொடியையும் ஒரு மூட்டை அரிசியையும் எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையால் நடந்த நாள் அது. அவரை ஓடவைத்த கடற்படையின் பெரும் போர்க்கப்பலை ஐம்பது மீட்டர் ஆழத்தில் கையால் தடவ முடிகிற தூரத்தில் பார்த்தபோது எனக்கு வெற்றி உணர்வு எதுவும் வரவில்லை. விசிறி இதழில் சிறு பவளம் பிடித்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்துவிட்டது.

ஆர்கன்சோ எனக்குப் பிடிக்கவில்லை. 1912இல் சேவைக்கு வந்த கிழட்டுப் போர்க்கப்பல், 1944 ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் சுட்ட கப்பல், பேக்கர் குண்டுக்கு மிக அருகே நின்ற பெரிய கப்பல். அதுவும் கவிழ்ந்து நசுங்கிக் கிடக்கிறது. மிதித்த தகரப் பேணிபோல. வரலாறு தெரிந்தவர்களுக்கு அது ஒரு சாட்சி. கண்ணுக்கு அது ஒரு குவியல். இரண்டு தடவை இறக்கினார்கள், ஒன்று போதும்.

அப்பகோன் என்ற நீர்மூழ்கி நேராக அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடி மீன்கள் ஒரு திரையாகத் தொங்கி, நாம் நெருங்கும்போது விலகி, பின்னால் மூடிக்கொள்கின்றன. லாம்சன் என்ற நாசகாரிக் கப்பலும் அழகு: சின்னது, ஒரே மூச்சில் முழுவதையும் பார்த்துவிடலாம். சுறாக்கள் கூடும் கடல்வாய்க்கு ஒரு பிற்பகல் கூட்டிப் போனார்கள். சாம்பல் நிறச் சுறாக்கள் இருபது முப்பது, எங்களைக் கொஞ்சமும் மதிக்காமல் போய்வந்தன. 2011இல் மார்ஷல் தீவுகள் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

படகுக்காரர்களிடம் எனக்கிருக்கும் இரண்டாவது மனக்குறை தீவைப் பற்றியது. பன்னிரண்டு இரவுப் பயணத்தில் பிகினித் தீவில் கால்வைக்கத் தந்த நேரம் இரண்டு மணி. அதிலும் முக்கால் மணி குழுப்படம். எங்களோடு கிலித் தீவில் பிறந்த ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பிகினிக்காரர்களின் பேரன். அவரைப் பேசவிட்டிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் பத்து இறக்கங்களுக்குச் சமமாக இருந்திருக்கும். படகில் அவரை யாரும் முறையாக அறிமுகம்கூடச் செய்யவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

1946 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்து வந்தவர்களிடம் அமெரிக்க ஆளுநர் வந்து, மனித குலத்தின் நன்மைக்காகத் தீவை விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். தலைவர் ஜூடா, எல்லாம் கடவுளின் கையில் என்றார். மார்ச்சில் 167 பேரை ரொங்கெரிக் தீவுக்கு ஏற்றிப்போனார்கள். அங்கே பட்டினி. 1948இல் குவாஜலீனில் கூடாரங்கள், பிறகு அந்த ஆண்டே கிலி. பிகினி என்றால் ஒரு பெரிய அமைதியான ஏரியைச் சுற்றி 23 தீவுகள். கிலி ஒற்றைத் தீவு, ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஏரியும் இல்லை; நான்கு பக்கமும் அலை மோதுகிறது, பல மாதங்களுக்குப் படகை இறக்கவே முடியாது. மீன்பிடிக்கப் பிறந்தவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். எழுபதுகளில் சில குடும்பங்கள் பிகினிக்குத் திரும்பின. பாதுகாப்பு என்று சொல்லித்தான் விட்டார்கள். உடலில் கதிரியக்கச் சீசியம் ஏறுவது தெரிந்து 1978இல் மறுபடி கிளப்பினார்கள்.

அவர் என்னிடம் பிகினிக் கொடியின் படத்தைக் கைபேசியில் காட்டினார். அமெரிக்கக் கொடியின் சாயல். 23 தீவுகளுக்கு 23 வெள்ளை நட்சத்திரங்கள். மேல் மூலையில் மூன்று கறுப்பு நட்சத்திரங்கள்: 1954 மார்ச் 1ஆம் திகதி வெடித்த 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு ஆவியாக்கிவிட்ட மூன்று தீவுகள். கீழே இரண்டு கறுப்பு: மக்கள் இப்போது வாழும் கிலியும் எஜிட்டும். ஜூடாவின் அந்த வாக்கியமும் மார்ஷல் மொழியில் கொடியிலேயே எழுதியிருக்கிறது. பிராவோவின் சக்தி 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. அதன் பள்ளம் ஏரியின் வடமேற்கு மூலையில் கரும் நீலவட்டமாக இன்னும் கிடக்கிறது. பிகினி என்ற பெயரை உலகம் ஒரு நீச்சலுடையின் பெயராகத்தான் வைத்திருக்கிறது. முதல் வெடிப்புக்கு நான்கே நாள் கழித்து பாரிசில் ஒருவர் தன் புதிய உடைக்கு இந்தத் தீவின் பெயரை வைத்தார். இதை நான் சொன்னபோது கிலிக்காரர் சிரித்தார். எனக்கு முன்பே நூறு பேர் அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

கதிரியக்கம் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு: நான் பௌதிகம் படிப்பிக்கிறவள், பயந்துகொண்டு போகவில்லை. எண்பது ஆண்டுகளில் குறுகிய ஆயுள் உள்ளவை அழிந்துவிட்டன, கடல் மிச்சத்தைக் கரைத்துவிட்டது. நடப்பதற்கும் நீந்துவதற்கும் பயமில்லை. பயம் சாப்பாட்டில். மண்ணில் இன்னும் இருக்கும் சீசியம்-137 வேதியியலில் பொட்டாசியத்தின் உறவுக்காரன். பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பதால் தென்னை அதை ஆசையாக உறிஞ்சி இளநீருக்குள் வைத்துக்கொள்கிறது. பொட்டாசிய உரம் போட்டால் உறிஞ்சுவது வெகுவாகக் குறைகிறது என்று ஆய்வாளர்கள் அங்கேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கரை முழுக்கக் காய்த்துத் தள்ளும் தென்னைகள். நெற்றுகள் விழுந்து முளைத்துக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே நின்று அந்த மனிதர் பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரைக் குடித்தார். நானும் என் போத்தலைத் திறந்தேன். பாழடைந்த சுழியோடி விடுதி ஒன்றும் கரையில் நிற்கிறது. 1996இலிருந்து 2008 வரை தீவில் தங்கியே இந்தக் கப்பல்களைப் பார்க்க முடிந்ததாம். அந்தப் பணம் பிகினி மக்களுக்குப் போனது. இப்போதும் அவர்களுடைய உள்ளூராட்சிக்குக் கட்டணம் கட்டித்தான் இறங்குகிறோம், ஆனால் கட்டணத் துண்டைத் தவிர அவர்களைப் பற்றி விளக்கக் கூட்டத்தில் ஒரு வரி கிடையாது. கப்பல்களுக்கு வரைபடம், மாதிரி, பழைய படங்கள் எல்லாம் வைத்து முக்கால் மணி நேரம் விளக்குகிறவர்களுக்கு இது முடியாததல்ல.

யார் போக வேண்டாம்: சாதாரண விடுமுறைச் சுழியோடிகள். ஹீலியம் சேர்த்த டிரைமிக்ஸ் கலவையில் பயிற்சியும், ஐம்பது மீட்டரில் ஐம்பது தடவையாவது இருந்த பழக்கமும் இல்லாமல் போனால், சரட்டோகாவின் மேல்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கடலில் போட்டவராவீர்கள். சாப்பாடு நிறைய, சுவை சுமார். மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள், நான் கொண்டுபோனதை நான்காம் நாளே குழு முழுக்கச் சேர்ந்து முடித்துவிட்டது. கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்தவர்கள் முகமூடியில் கண்ணாடி பதித்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் கைக்கணினியின் எண்கள் தெரியாமல் தம்பியிடம் மணிக்கட்டை நீட்டுவது அவமானம்.

கடைசி இறக்கம் மறுபடி சரட்டோகா. நான் கேட்டுக்கொண்டேன், தலைவி சம்மதித்தார். கட்டளைக் கோபுரத்துக்குப் பின்னால் அந்தப் புகைபோக்கி நின்ற இடத்துக்குப் போனேன். பேக்கரின் அதிர்ச்சியிலேயே அது முறிந்து தளத்தின்மேல் விழுந்துவிட்டது. இப்போது அங்கே மதில் எதுவும் இல்லை. நெளிந்த தகடுகள், துளைகள், அவற்றில் ஒளிந்திருக்கும் சிவப்பு மீன்கள். தளத்தின் வலதுபக்க ஓரத்தில் அது ஊன்றியிருந்த தடம் மட்டும் இருக்கிறது. அதன் ஒரு முனையில் நின்று, மறு முனைவரை ஒரே சீராகத் துடுப்பை உதைத்து எண்ணினேன். நாற்பத்திரண்டு உதை. என் ஓர் உதை முக்கால் மீட்டர். தம்பி பலகையில் கேள்விக்குறி போட்டு நீட்டினான். நான் '31' என்று எழுதிக் காட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை.

படகுக்கு வந்து கப்பலின் அளவுகளைப் பார்த்தேன். சரட்டோகாவின் புகைபோக்கி, முன்னிருந்து பின், 105 அடி.

ஈபாயில் தொலைபேசி கிடைத்ததும் அம்மாவை அழைத்தேன். "நூற்றைந்தாம்" என்றேன். எதற்கு எண் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஐயா குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார்.